வாழ்த்துகள் என்று தொடங்கும் கடிதம்

செப்டம்பர் கடைசியில் எங்கள் பள்ளிக்கு
மூன்று வாரம் விடுமுறை,
உருளைக்கிழங்கு எடுக்க.
வடக்கு மெய்னில் இது வழக்கம்.
அறுவடை இயந்திரத்தின் மேல் நின்றபடி
ஓடும் பட்டையிலிருந்து
கல்லைப் பொறுக்கி எறிவது என் வேலை.
சேறு அப்பிய கல்லும் சேறு அப்பிய கிழங்கும்
பார்வைக்கு உடன்பிறப்புகள்.
கைதான் கண்டுபிடிக்கும்.
கல்லுக்குக் குளிர் கூடுதல்.

இது மார்ச்.
ஜன்னலில் பாதி பனி.
'வாழ்த்துகள், ஓடில்' என்று தொடங்கும் கடிதத்தில்
உன் நிதியுதவி என்ற தலைப்பின்கீழ்
ஆறு வரிகள், ஒரே எழுத்து, ஒரே அளவு.
மொத்தம் 28,150 டாலர்.
நீங்கள் செலுத்த வேண்டிய மீதி: பூஜ்யம்.

"பூஜ்யம்னா ஜெயிச்சமா, தோத்தமா?"
ரெனோவுக்கு ஒன்பது வயது,
ஐஸ் ஹாக்கிக் கணக்கு மட்டும் தெரியும்.
அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக்
கண்ணாடியைத் தேடினாள்.

பென்சிலோடு உட்கார்ந்தேன்.
அரசு மானியம் ஆறாயிரத்து இருநூறு,
திருப்பித் தர வேண்டாம். கிழங்கு.
கல்லூரி உதவித்தொகை ஏழாயிரத்து ஐநூறு,
அதுவும் கிழங்குதான்,
ஆனால் அடியில் பொடியெழுத்து:
மதிப்பெண் குறைந்தால் அடுத்த வருடம் இல்லை.
அழுகக்கூடிய கிழங்கு.
மூன்றாம் வரி கடன்,
படித்து முடிக்கும்வரை வட்டி அரசாங்கத்தின் தலையில்.
நான்காவதும் கடன்.
முதல் வகுப்பில் நான் பேனா மூடியைக் கழற்றுமுன்பே
இதன் வட்டி குட்டி போட ஆரம்பித்துவிடும்.
ஐந்தாவது, வளாக வேலை, இரண்டாயிரத்து நானூறு.
கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.
தட்டு கழுவக் கொடுக்கிறார்கள்,
அதுவும் இடம் காலியிருந்தால்.
ஆறாவது, பெற்றோர் கடன்.
ஆறாயிரத்து ஐநூற்றைம்பது.
தொட்ட விரல் சில்லிட்டது.

எல்லாவற்றையும் உதவி என்ற ஒரே சாக்கில் போட்டுக்
கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மாவால் இவ்வளவு முடியும் என்று
யார் சொன்னது?
படிவம் பார்த்தது
இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை.
அந்த வருடம் அப்பா இருந்தார்.
மரம் ஏற்றும் லாரி, கூடுதல் நேரச் சம்பளம்.
படிவத்துக்குள் இன்னமும் அவர்
பூட்ஸைக் கழற்றாமல்
எங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஹாஸ்கல் என்றொருவர், ஜலதோஷக் குரலில்:
மறுபரிசீலனை கேட்கலாம்,
சூழ்நிலை மாறியதற்குச் சான்று வேண்டும்.

இருப்பதற்குச் சான்று காட்டலாம்.
இல்லாததற்கு எதைக் காட்டுவது?
செத்துப்போகவில்லையே அவர்.
ஆல்பெர்ட்டா பக்கம் இருப்பதாகக் கேள்வி.

அம்மா டிராயரைக் கவிழ்த்தாள்.
அவள் பெயர் மட்டும் உள்ள மின்கட்டண ரசீது.
வறுவல் ஆலையில் ஜனவரி முதல்
வேலை நேரத்தைக் குறைத்த சீட்டு.
விவாகரத்து மனு, பாதி எழுதியது.
திரும்பி வந்த ஓர் உறை:
இந்த முகவரியில் இல்லை.
அந்த உறையை மட்டும்
இரண்டு முறை நகலெடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்து
மறுபடியும் 'வாழ்த்துகள்'.
கல்லூரி இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் தந்தது.
ஆறாவது வரி நாலாயிரத்து அறுநூற்றைம்பதாக இளைத்தது.

கடன் என்ற சொல்லுக்கு
அம்மாவிடம் இரண்டு பொருள்,
பட்டது, செய்ய வேண்டியது.
இரண்டையும் சேர்த்துக்கொண்டு
கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.
நான் காகிதத்தை இழுத்துக்கொண்டேன்.

மூன்று, நான்கு: ஏற்கிறேன். என் பெயர், என் கல்.
ஆறு: மறுக்கிறேன்.
கிழங்கெடுத்துச் சேர்த்தது இரண்டாயிரத்து நூற்றைம்பது.
மூன்று பேர் தங்கும் அறை, சின்னச் சாப்பாட்டுத் திட்டம்,
அதில் மிச்சம் ஆயிரத்து நானூறு.

"இப்ப மீதி எவ்வளவு?" என்றான் ரெனோ.
"ஆயிரத்து நூறு. ஜூலைக்குள்ள."
"பூஜ்யத்துக்கு இது பரவாயில்லையே!"

ஆமாம் என்றேன்,
உண்மையாகவே.